கையால் ஒயர் கட்டி மெக்கானிக்கல் கீபோர்டு செய்வது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

நான் முதலில் செய்த கீபோர்டில் 61 விசைகள். ஐந்து கிடைவரிசை, பதினான்கு நெடுவரிசை. மூன்று ராத்திரி உட்கார்ந்து டயோடுகளைப் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்ன உறுப்பு) பற்றவைத்து, ஒயர்களை இழுத்து, கடைசியில் கண்ட்ரோலரில் (எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் சின்ன போர்டு) சேர்க்கும்போது கையில் ஒரு ஒயர் மிச்சம் இருந்தது. அதைச் சேர்க்க போர்டில் பின் இல்லை. நான் வாங்கி வைத்திருந்த ப்ரோ மைக்ரோ போர்டில் பயன்படுத்தத் தோதாக வெளியே வரும் பின்கள் 18. எனக்குத் தேவைப்பட்டது 5 + 14, அதாவது 19.

வேறு போர்டு வாங்கி, எல்லா ஒயரையும் கழற்றித் திரும்பக் கட்டினேன். ஒரு பென்சிலும் காகிதமும் வைத்து ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பு எல்லாவற்றையும் காகிதத்தில் முடித்துவிடுங்கள். கீழே வரும் படிகளில் முதல் இரண்டும் அதற்காகத்தான். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. விசைகளின் அமைப்பைக் காகிதத்தில் வரையுங்கள்

முதல் கீபோர்டுக்கு என் பரிந்துரை 4 × 12. எல்லா விசையும் ஒரே அளவு, நேர்நேராக அடுக்கியது, மொத்தம் 48. இதில் நீளமான ஸ்பேஸ் பார் கிடையாது, அதனால் நீளமான விசை சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் தொல்லையும் கிடையாது. எண்களும் குறிகளும் வேறு லேயரில் போய்விடும், அதாவது ஷிஃப்ட் போல ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் அதே விசைகள் வேறு எழுத்தைத் தரும். 48 விசை போதாது என்று தோன்றினால் 5 × 12 போகலாம். இரண்டாகப் பிரிந்த கீபோர்டை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கண்ட்ரோலர், நடுவில் ஒரு கேபிள், இரண்டு மடங்கு சோதனை.

கீபோர்ட் லேஅவுட் எடிட்டர் என்ற இணையக் கருவியில் விசைகளை இழுத்து அடுக்கி, அதன் ஜேசான் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிளேட்டை, அதாவது சுவிட்சுகள் உட்காரும் தகட்டை, வெட்டுவதற்கான கோப்பு இதிலிருந்துதான் பிறக்கும்.

எம்எக்ஸ் வகை சுவிட்சுகளுக்கு (மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பரவலாக இருக்கும் வகை) ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்த விசையின் மையம் வரை 19.05 மி.மீ. அப்படியென்றால் 4 × 12 அமைப்பு 228.6 மி.மீ. நீளமும் 76.2 மி.மீ. அகலமும் இருக்கும். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் தாராளமாக அடங்கும். அச்சிட்டு மேசையில் ஒட்டி, ஒரு வாரம் அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் எங்கே வேண்டும், என்டர் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் திரையைப் பார்த்துத் தெரியாது. தாளில் கை வைத்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் அளவு மாறிவிடும். 100 சதவீதத்தில் அச்சிட்டு, ஸ்கேலை வைத்து 228.6 வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

2. பின் கணக்கைப் போடுங்கள்

ஒவ்வொரு விசைக்கும் தனி ஒயர் இழுத்தால் 48 பின் வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் மேட்ரிக்ஸ். ஒரு சுவிட்சின் ஒரு கால் நெடுவரிசை ஒயரோடு சேரும். இன்னொரு கால் டயோடு வழியாகக் கிடைவரிசையோடு சேரும். கண்ட்ரோலர் ஒவ்வொரு வரிசையாக மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தச் சந்திப்பு அழுத்தப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும். 4 × 12க்கு 4 + 12, ஆக 16 பின் போதும்.

டயோடு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது நான்காவது மூலை விசையும் அழுத்தப்பட்டதாகக் கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். மின்சாரம் சுற்றுவழியில் திரும்பி வருவதுதான் காரணம். டயோடு அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடும். ஒரு சுவிட்சுக்கு ஒரு டயோடு, இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கண்ட்ரோலருக்கு ராஸ்பெரி பை பைக்கோ நல்லது. ஆர்பி2040 சிப்பு, வெளியே 26 பின், 2 மெகாபைட் நினைவகம். ப்ரோ மைக்ரோவில் இருப்பது ஏடிமெகா32யூ4. அதன் நினைவகம் 32 கிலோபைட், அதிலும் ஒரு பகுதியை பூட்லோடர் (புது நிரலை ஏற்ற உதவும் சிறு நிரல்) எடுத்துக்கொள்ளும். லேயர்களும் மேக்ரோக்களும் (ஒரே விசையில் பல அழுத்தங்கள்) கூடும்போது இடம் முட்டும். தவிர, ப்ரோ மைக்ரோவின் பழைய வகைகளில் யூஎஸ்பி சாக்கெட் பேருக்குத்தான் ஒட்டியிருக்கும். கேபிளை நாலு தடவை அழுத்திச் சொருகினால் கையோடு வந்துவிடும்.

கையில் இருக்கும் போர்டில் பின் குறைவு என்றால் இன்னொரு வழியும் உண்டு. மின் மேட்ரிக்ஸ், கண்ணுக்குத் தெரியும் விசை அடுக்கைப் போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 5 × 14 என்பதை 10 × 7 என்று மடித்துக் கட்டினால் 17 பின் போதும். என் முதல் கீபோர்டை அப்படிக் காப்பாற்றியிருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த வரிசை எந்தப் பின்னுக்குப் போகிறது என்று எழுதுங்கள். இரண்டு கட்டங்கள் வேண்டும். ஒன்று மேலிருந்து பார்க்கும் படம், இன்னொன்று கீழிருந்து பார்க்கும் படம். ஒயர் கட்டும்போது கீபோர்டு கவிழ்ந்து கிடக்கும், இடது வலது மாறிவிடும். கீழிருந்து பார்க்கும் படத்தைப் பெரிதாக வரைந்து பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

3. வாங்க வேண்டியவை

- எம்எக்ஸ் வகை சுவிட்சு 48, உபரியாக ஐந்து. மூன்று கால் வகையும் ஐந்து கால் வகையும் ஒயர் கட்ட ஒத்துவரும், இரண்டிலும் ஒயர் சேர்வது இரண்டு உலோகக் கால்களில்தான், மற்றவை பிளாஸ்டிக்.
- 1என்4148 டயோடு. நூறாக வாங்குங்கள்.
- கண்ட்ரோலர். முடிந்தால் இரண்டு.
- கீகேப், அதாவது விரல் படும் மேல்மூடி.
- ஒற்றைக் கம்பி ஒயர், 26 முதல் 30 கேஜ் வரை. இரண்டு நிறத்தில்.
- 0.6 அல்லது 0.8 மி.மீ. சால்டர் கம்பி, உள்ளே ரோசின் உள்ளது.
- வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், மூக்கு பிளையர், சின்ன கட்டர்.

செலவில் பெரும்பங்கு சுவிட்சுக்கும் கீகேப்புக்கும்தான் போகும். டயோடும் ஒயரும் மொத்தத்தில் கணக்கிலேயே வராது. கருவிகள் எதுவும் இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் கீபோர்டு கடையில் விற்கும் நல்ல கீபோர்டை விட மலிவாக வராது. மலிவு என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். உங்கள் கைக்கு ஏற்ற அமைப்பு வேண்டும் என்றால் இறங்குங்கள்.

எதில் குறைக்கலாம்? முதல் தடவைக்குச் சுவிட்சில் குறைக்கலாம். சாதாரண லீனியர் சுவிட்சே (அழுத்தும்போது தடங்கலோ சத்தமோ இல்லாமல் நேராக இறங்குவது) போதும். எதில் குறைக்கக் கூடாது? சால்டரிங் அயர்னில். வெப்பம் நிலையாக இல்லாத அயர்னை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இருநூறு இணைப்பு போடுவது பெரிய வேதனை.

கீகேப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண செட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர் எல்லாம் நீளமாக இருக்கும். 4 × 12 அமைப்பில் எல்லாமே ஒரு அலகு விசை, அதாவது எழுத்து விசையின் அளவு. அதனால் டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ போல எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் உள்ள கீகேப்பைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கேப்பை எங்கே வைத்தாலும் பொருந்தும்.

4. பிளேட்

சுவிட்சுகள் உட்காரும் தகடுதான் பிளேட். சர்க்யூட் போர்டு இல்லாத கீபோர்டில் சுவிட்சுகளைப் பிடித்து வைத்திருப்பது இது மட்டும்தான்.

துளை 14 மி.மீ. × 14 மி.மீ. தகட்டின் தடிமன் 1.5 மி.மீ. சுவிட்சின் பக்கவாட்டுக் கொக்கி இந்தத் தடிமனில்தான் மாட்டிக்கொள்ளும். 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டினால் கொக்கி மாட்டாது. கீகேப்பைப் பிடுங்கும்போது சுவிட்சும் சேர்ந்து வரும், ஒயரும் அறும். 1.5 மி.மீ. அக்ரிலிக் துளைகளுக்கு நடுவே எளிதில் விரிசல் விடும், ஏனென்றால் இரண்டு துளைக்கு இடையில் மிஞ்சுவது 5.05 மி.மீ. மட்டுமே. அலுமினியமோ ஸ்டீலோ நல்லது. ஆனால் அவை மின்சாரத்தைக் கடத்தும். ஒயர் கட்டும் பக்கத்தில் வெற்றுக் கம்பி தகட்டில் படக் கூடாது.

லேசர் வெட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் ஜேசான் கோப்பை பிளேட் ஜெனரேட்டர் ஒன்றில் போட்டு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் இயந்திரங்கள் படிக்கும் வரைபட வகை) கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: கோப்பு எந்த அலகில் வேண்டும், லேசரின் வெட்டு அகலத்தை அவர்களே கழித்துக்கொள்வார்களா. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் துளை பெரிதாகி, சுவிட்சுகள் ஆடும். அடித்தகட்டையும் அதே கோப்பில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் செலவும் கூடும், காத்திருப்பும் கூடும்.

முப்பரிமாண அச்சு என்றால் முழு பிளேட்டையும் உடனே அச்சிட வேண்டாம். 13.9, 14.0, 14.1, 14.2 என்று நான்கு துளை உள்ள ஒரு சிறு துண்டை அச்சிட்டு, எதில் சுவிட்சு "டக்" என்று உட்கார்ந்து ஆடாமல் நிற்கிறதோ அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் இது மாறும்.

உயரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். பிளேட்டுக்குக் கீழே சுவிட்சும் அதன் கால்களும் சேர்ந்து சுமார் 7 மி.மீ. இறங்கும். பிளேட்டுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே 12 மி.மீ. இருக்கட்டும். கண்ட்ரோலர் சுவிட்சுகளுக்கு நேர் கீழே வருமென்றால் 15.

5. டயோடுகள்

எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே திசையில் சொருகுங்கள். ஒன்று தலைகீழாக இருந்தாலும் கால்கள் இடம் மாறிவிடும். சொருகும் முன் வளைந்த கால் இருக்கிறதா என்று பார்த்து பிளையரால் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

டயோடின் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். அது கேதோடு. அந்தக் கோடு எல்லா டயோடிலும் கிடைவரிசைப் பக்கம் இருக்க வேண்டும். கோடில்லாத காலை மூக்கு பிளையரின் நுனியில் சுற்றி ஒரு சின்ன வளையமாக்கி, சுவிட்சின் காலில் மாட்டுங்கள். வளையம் இறுக்கமாக இருந்தால் கையால் பிடிக்காமலே பற்றவைக்கலாம். எல்லாச் சுவிட்சிலும் ஒரே பக்கத்துக் காலில்தான் மாட்ட வேண்டும்.

அப்புறம், கோடுள்ள காலை அடுத்த சுவிட்சை நோக்கிப் படுக்க வையுங்கள். டயோடின் கால் 25 மி.மீ.க்கு மேல் நீளம், சுவிட்சுகளின் இடைவெளி 19. அதனால் ஒரு டயோடின் கால் அடுத்த டயோடை எட்டிப் பிடிக்கும். இப்படிச் சங்கிலியாகப் பற்றவைத்துக்கொண்டே போனால், கிடைவரிசைக்குத் தனியாக ஒயரே வேண்டாம். மிச்சத்தைக் கட்டரால் நறுக்கிவிடுங்கள். நறுக்கும்போது துண்டு கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

63/37 ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்னை 320 முதல் 350 வரை வைத்தால் வேலை ஓடும். ஈயமில்லாத சால்டருக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். நுனியைக் கால், கம்பி இரண்டிலும் சேர்த்து வைத்து, ஒரு விநாடி சூடேற விட்டு, சால்டர் கம்பியை இணைப்பில் காட்டுங்கள், அயர்னில் அல்ல. மொத்தம் மூன்று விநாடிக்குள் முடியட்டும். அதற்கு மேல் வைத்தால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகத்துக்கு நேரே விடாதீர்கள். ஈயக் கலவையைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

ஒரு கிடைவரிசை முடிந்ததும் நிறுத்துங்கள். மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையைச் சுவிட்சின் மறு காலிலும், கறுப்பு முனையைக் கிடைவரிசைக் கம்பியிலும் வைத்து, விசையை அழுத்துங்கள். 0.5 முதல் 0.7 வரை ஏதாவது எண் வர வேண்டும். விசையை விட்டதும் எண் மறைய வேண்டும். அழுத்தியும் எண் வரவில்லை என்றால் டயோடு திரும்பியிருக்கிறது, அல்லது இணைப்பு சரியில்லை. பன்னிரண்டு விசைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அடுத்த வரிசைக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

எல்லா டயோடையும் ஒரே மாதிரித் தலைகீழாகப் போட்டுவிட்டீர்களா? கழற்ற வேண்டாம். ஃபர்ம்வேரில் (கண்ட்ரோலருக்குள் ஓடும் நிரல்) திசையை மாற்றி எழுதினால் போதும். சிலது இப்படி, சிலது அப்படி என்று கலந்திருந்தால்தான் கழற்றியாக வேண்டும்.

நேரம்: பழக்கம் இல்லாத கைக்கு 48 டயோடு முடிக்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். என் தவறான இணைப்புகள் எல்லாமே கடைசி ஒரு மணி நேரத்தில் போட்டவை.

6. நெடுவரிசை ஒயர்கள்

நெடுவரிசை ஒயர், டயோடுக் கால்களாலான கிடைவரிசையைக் குறுக்கே தாண்டிப் போகும். அதனால் இதற்கு மேலுறை கட்டாயம்.

ஒயரைத் துண்டு துண்டாக வெட்டத் தேவையில்லை. நான்கு விசை நீளத்துக்கு ஒரே ஒயரை எடுத்து, பிளேடால் மேலுறையை மட்டும் 19 மி.மீ.க்கு ஒரு வெட்டு வீதம் சுற்றிக் கீறுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டு உறையையும் விரலால் தள்ளினால் நடுவே வெற்றுக் கம்பி கொஞ்சம் தெரியும். அந்த இடம் சுவிட்சின் காலில் படும்படி வைத்துப் பற்றவையுங்கள். கம்பியையும் சேர்த்துக் கீறிவிட்டால் பின்னால் அந்த இடத்தில் ஒடியும், மெதுவாகக் கீறுங்கள்.

7. கண்ட்ரோலரோடு சேர்த்தல்

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. பைக்கோவில் பின்னின் வரிசை எண் வேறு, ஜிபி எண் வேறு. 1ஆம் பின் ஜிபி0, 2ஆம் பின் ஜிபி1, 3ஆம் பின் கிரவுண்ட், 4ஆம் பின் ஜிபி2. ஃபர்ம்வேருக்கு வேண்டியது ஜிபி எண். ப்ரோ மைக்ரோவில் குழப்பம் இன்னும் கூட: போர்டில் 2 என்று அச்சிட்டிருக்கும் பின்னை ஃபர்ம்வேரில் டி1 என்று எழுத வேண்டும், 3 என்பது டி0. உங்கள் தாளில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிடைவரிசைக்கு ஒரு நிறம், நெடுவரிசைக்கு இன்னொரு நிறம். ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், பிளேட்டைத் திருப்பும்போது இழுபடாமல் இருக்கும். யூஎஸ்பி சாக்கெட்டுக்கு அசைவு போகாதபடி போர்டைத் தகட்டில் திருகியோ கெட்டியாக ஒட்டியோ வையுங்கள்.

8. ஃபர்ம்வேர்

க்யூஎம்கே என்ற ஃபர்ம்வேர்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துவது. அதில் உங்கள் கீபோர்டுக்கு ஒரு ஜேசான் கோப்பு எழுத வேண்டும் (முதல் படியில் சேமித்தது வேறு, இது வேறு): சிப்பின் பெயர், கிடைவரிசைப் பின்கள், நெடுவரிசைப் பின்கள், டயோடின் திசை, ஒவ்வொரு விசையும் எந்தச் சந்திப்பில் இருக்கிறது என்பது. கோடு கிடைவரிசைப் பக்கம் இருந்தால் திசை, நெடுவரிசையிலிருந்து கிடைவரிசைக்கு. விசைகளின் பொருள் தனிக் கோப்பில். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்கள் கேஎம்கே பக்கம் போகலாம். அது பைத்தானில் இயங்கும், கோப்பைத் திருத்திச் சேமித்தாலே மாற்றம் வந்துவிடும். ப்ளூடூத் வேண்டும் என்றால் இசட்எம்கே, அதற்குக் கண்ட்ரோலரும் வேறு.

பைக்கோவில் ஏற்றுவது சுலபம். பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் சொருகினால் கணினியில் ஒரு டிரைவ் தோன்றும். யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் முடிந்தது. ஆனால் பெட்டியை மூடியபின் அந்தப் பட்டன் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஏதாவது ஒரு லேயரில், தவறிக்கூட அழுத்தாத இடத்தில், பூட்லோடருக்குப் போகும் விசை ஒன்றை முதல் பதிப்பிலேயே வைத்துவிடுங்கள்.

9. தவறு எங்கே என்று கண்டுபிடித்தல்

ஒரு முழு வரிசையும் வேலை செய்யவில்லை என்றால் அந்த வரிசையிலிருந்து கண்ட்ரோலருக்கு வரும் ஒயரைப் பாருங்கள், அல்லது பின் எண்ணைத் தவறாக எழுதியிருப்பீர்கள். ஒரு விசையை அழுத்தினால் பக்கத்து விசையும் சேர்ந்து வந்தால் இரண்டு நெடுவரிசைகள் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேல் கீழ் விசைகள் சேர்ந்து வந்தால் இரண்டு கிடைவரிசைகள். எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக மாறி வந்தால் ஒயரைத் தொட வேண்டாம், ஃபர்ம்வேரின் ஜேசான் கோப்பில் நெடுவரிசைப் பின்களின் வரிசையைத் திருப்பி எழுதுங்கள்.

ஒரே ஒரு விசை மட்டும் சில நேரம் வந்து சில நேரம் வராமல் இருப்பதுதான் மிகவும் படுத்தும். எனக்கு பி எழுத்து அப்படி இருந்தது. ஓங்கி அழுத்தினால் வரும், மெதுவாக அழுத்தினால் வராது. சுவிட்சு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றப் போனேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சால்டர் காலின் மேல் ஒரு உருண்டையாக உட்கார்ந்திருந்தது, காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு வளையம். சரியான இணைப்பு காலைத் தழுவிக் கூம்பு போல ஏறி நிற்கும். அயர்னை வைத்து இரண்டு விநாடி திரும்ப உருக்கியதும் சரியாகிவிட்டது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈயமில்லாத சால்டர் இயல்பிலேயே மங்கலாகத்தான் இருக்கும். வடிவத்தைப் பாருங்கள்.

10. மூடும் முன்

வெட்டி வர வேண்டிய பிளேட்டுக்கான காத்திருப்பைக் கழித்தால், கைவேலை மட்டும் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு வார இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே திருகி மூடிவிட வேண்டாம். நான்கு நாள் திறந்தபடியே தட்டச்சு செய்து பாருங்கள், வேலை செய்யாத இணைப்பு அந்த நாட்களில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிறகு அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஜேசான் கோப்பு, டிஎக்ஸ்எஃப் கோப்பு, விசைக் கோப்பு மூன்றோடும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தகடு உலோகம் என்றால் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். பின் எண்கள் எழுதிய அந்தத் தாளை மடித்து அடித்தகட்டின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, அப்புறம் திருகுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு விசை நின்றுபோனால் திறந்ததும் முதலில் தேடப்போவது அதைத்தான்.